கரண்ட் போனாலும் மீட்டர் கணக்கை மறக்காதது எப்படி? மெமரி சிப்பின் '100 ஆண்டு' வாக்குறுதியைச் சோதிப்பது எப்படி?

நஞ்சன்கூட்டில் கோடை மழைக்கு முன்னால் காற்று அடிக்கும். காற்று அடித்தால் கரண்ட் போகும். திண்டுக்கல்லிலும் தஞ்சாவூரிலும் இருப்பவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. ஆனால் கரண்ட் போன அந்த நொடியில், வாசல் சுவரில் தொங்கும் மின்சார மீட்டருக்குள் ஒரு அவசர வேலை நடக்கிறது. இதுவரை ஓடிய யூனிட் எவ்வளவு என்ற எண்ணை, தன்னிடம் மிச்சம் இருக்கும் மின்சாரம் தீர்வதற்குள் அது ஒரு சின்ன மெமரி சிப்பில் எழுதிவைக்க வேண்டும். கிடைக்கும் நேரம் சில மில்லி நொடிகள்தான்.

4,217 யூனிட்டில் கரண்ட் போனால், திரும்பி வரும்போது 4,217-இல்தான் தொடங்க வேண்டும். குறைந்தால் மின்வாரியத்துக்கு நஷ்டம். கூடினால் உங்கள் பர்ஸுக்கு நஷ்டம். எண்ணே அழிந்துபோனால் புகார், மீட்டர் மாற்றம், அதுவரை முந்தைய மாதங்களின் சராசரியை வைத்து ஒரு பில்.

மைசூருவில் இருந்து நஞ்சன்கூடு போகிற வழியில் இந்த விஷயம் அடிக்கடி ஞாபகம் வரும். கடக்கொளா பக்கம் டிவிஎஸ் மோட்டாரின் தொழிற்சாலை. இன்றைய டூவீலரில் கிலோமீட்டர் கணக்கு முள்ளிலும் பல்சக்கரத்திலும் இல்லை, மெமரியில் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் போனால் நஞ்சன்கூடு தொழிற்பேட்டை. ஆஸ்திரியாவின் ஏடி அண்ட் எஸ் நிறுவனம் 1999-இல் இந்தால் எலக்ட்ரானிக்ஸிடம் இருந்து வாங்கிய சர்க்யூட் போர்டு ஆலை அங்கேதான் இருக்கிறது. அங்கே தயாராவது போர்டு மட்டும்தான். மெமரி சிப் வேறு எங்கோ தயாராகி, வேறு எங்கோ அந்தப் போர்டில் உட்காரும். உட்கார்ந்த பிறகு 10 வருஷம் தாங்குமா என்று யார், எப்படிப் பார்த்தார்கள் என்பதுதான் கேள்வி.

எழுத எழுதத் தேயும்

மின்சாரம் போனாலும் தகவலைத் தக்கவைக்கும் மெமரியை நான்-வாலடைல் மெமரி என்கிறார்கள். உங்கள் போனில், பென் டிரைவில் இருக்கும் ஃப்ளாஷ் இந்த வகை. மீட்டர், வாஷிங் மெஷின், பைக் டிஸ்ப்ளே போன்றவற்றில் இருக்கும் ஈஈப்ராம் இன்னொரு வகை. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். 1967-இல் பெல் ஆய்வகத்தில் டாவன் காங்கும் சைமன் ஸீயும் முன்வைத்த 'மிதக்கும் கேட்' என்ற அமைப்பு அது.

சுற்றிலும் கண்ணாடி போன்ற ஆக்ஸைடு சுவர் கட்டிய ஒரு குட்டி அறையைக் கற்பனை செய்யுங்கள். அந்தச் சுவரின் தடிமன் 10 நானோமீட்டர் அளவில் இருக்கும். அதிக வோல்டேஜ் கொடுத்து எலக்ட்ரான்களைச் சுவர் வழியாகவே உள்ளே தள்ளுகிறோம். வோல்டேஜை எடுத்ததும் அவை உள்ளேயே மாட்டிக்கொள்ளும். எலக்ட்ரான் இருந்தால் ஒரு பிட், இல்லாவிட்டால் இன்னொரு பிட். அவ்வளவுதான் மெமரி.

சிக்கலும் இங்கேதான். ஒவ்வொரு முறை எலக்ட்ரான் கடக்கும்போதும் சுவரில் ஒரு சின்னக் குறை விழுகிறது. ஆள் நடமாட்டம் அதிகமானால் வயல் வரப்பு தேய்ந்துபோவது மாதிரி. அதனால் இந்த சிப்களுக்கு இரண்டு ஆயுள் உண்டு. எத்தனை முறை எழுதி அழிக்கலாம் என்பது ஒன்று, எழுதியதை எத்தனை ஆண்டு வைத்திருக்கும் என்பது இன்னொன்று. முதலாவதை எண்டியூரன்ஸ் என்றும் இரண்டாவதை ரிடென்ஷன் என்றும் சொல்வார்கள்.

ரிடென்ஷன் எவ்வளவு கறாரான கணக்கு என்பதற்கு ஒரு உதாரணம். ஒரு பிட் புரண்டுபோக 1,000 எலக்ட்ரான்கள் கசிந்தால் போதும் என்று வைத்துக்கொள்வோம். 10 ஆண்டு என்பது சுமார் 3,650 நாள். அப்படியானால் மூன்றரை நாளுக்கு ஒரு எலக்ட்ரானுக்கு மேல் கசியக் கூடாது. ஒரே ஒரு எலக்ட்ரான்! இதை எந்த மீட்டரை வைத்தும் நேரடியாக அளக்க முடியாது. சோதனை சுற்று வழியில்தான் நடக்கிறது. அதற்குள் போவதற்கு முன்னால், பல டிசைன்கள் தோற்கும் எளிய இடத்தைப் பார்த்துவிடலாம்.

ஒரு நாளைக்கு எத்தனை முறை எழுதுகிறோம்?

டேட்டாஷீட்டில் '10 லட்சம் முறை எழுதலாம்' என்று இருக்கும். கேட்க நிறைய மாதிரித் தெரியும். ஒரு மீட்டர் நிமிடத்துக்கு ஒரு முறை யூனிட் கணக்கை ஒரே இடத்தில் எழுதினால் ஆண்டுக்கு 5,25,600 முறை. 10 லட்சம் இரண்டு ஆண்டு முடிவதற்குள் தீர்ந்துவிடும். மைக்ரோகண்ட்ரோலருக்குள்ளேயே இருக்கும் ஈஈப்ராம் பலவற்றுக்கு 1 லட்சம்தான் வரம்பு. ஆர்டுயினோவில் பிரபலமான ஏடிமெகா328பி அப்படித்தான். அதில் இதே வேலையைச் செய்தால் 70 நாள்கூடத் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

15 நிமிடத்துக்கு ஒரு முறை எழுதினால் ஆண்டுக்கு 35,040. இப்போது 10 லட்சம் 28 ஆண்டுக்கு வரும். அல்லது நிமிடத்துக்கு ஒரு முறையே எழுதிக்கொண்டு, ஒரே இடத்தில் எழுதாமல் 32 இடங்களில் மாற்றி மாற்றி எழுதினால் 60 ஆண்டு. வேர் லெவலிங் என்று பெரிய பெயர் வைத்திருப்பது இந்தச் சுற்றுக்குத்தான்.

இந்தக் கணக்குக்குக் கால்குலேட்டர் போதும், லேப் வேண்டாம். ஆனால் டேட்டாஷீட்டின் பொடி எழுத்தைப் படிக்க வேண்டும். எஸ்டி நிறுவனத்தின் எம்24 வரிசை ஈஈப்ராமில் 25 டிகிரி செல்சியஸில் 40 லட்சம் முறை என்று இருக்கும். 85 டிகிரியில் அதே சிப்புக்கு 12 லட்சம்தான். முதல் பக்கத்தில் பெரிய எண், உள்ளே டேபிளில் சின்ன எண். இன்னொன்றும் உண்டு: அந்த வரிசையில் பல சிப்கள் பிழை திருத்தத்துக்காக நான்கு நான்கு பைட்டாகச் சேர்த்தே வைத்திருக்கும். நீங்கள் ஒரு பைட் மாற்றினால் பக்கத்து மூன்றும் சேர்ந்து தேயும். நான்கு கவுண்டரை அடுத்தடுத்து வைத்து தனித்தனியாக எழுதும் புரோகிராமர் தன்னை அறியாமல் ஆயுளை நான்கில் ஒன்றாக்கிவிடுவார்.

டெஸ்லா கற்றுக்கொண்ட பாடம் இதுதான். 2012 முதல் 2018 தொடக்கம் வரை தயாரான மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களின் நடுத் திரைக்குப் பின்னால் 8 ஜிபி ஃப்ளாஷ் மெமரி இருந்தது. எழுதி அழிக்கும் வரம்பு 3,000 முறை. காரின் மென்பொருள் லாக் என்ற பெயரில் ஓயாமல் அதில் எழுதிக்கொண்டே இருந்தது. நாளைக்கு 0.7 சுற்று என்றால் 11, 12 ஆண்டு வரும். அதிகம் ஓட்டுபவர்களுக்கு 1.5 சுற்று. 3,000-ஐ 1.5-ஆல் வகுத்தால் 2,000 நாள், அதாவது ஐந்தரை ஆண்டு. ஐந்தாறு ஆண்டுகளில் திரைகள் வரிசையாக இறக்கத் தொடங்கின. திரை போனால் பின்பக்க கேமரா போச்சு, கண்ணாடிப் பனி நீக்கும் கண்ட்ரோல் போச்சு, இண்டிகேட்டர் சத்தமும் போச்சு. 2021 ஜனவரியில் அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு சுமார் 1,58,000 கார்களைத் திரும்பப் பெறச் சொன்னது. அடுத்த மாதம் 1,34,951 கார்களுக்கு ரீகால் அறிவிக்கப்பட்டது. மாற்றாக வைக்கப்பட்டது 64 ஜிபி சிப்.

கவனிக்க வேண்டியது, இந்தக் கதையில் சிப் பொய் சொல்லவில்லை. சொன்ன 3,000-ஐக் கொடுத்தது. மெமரி பாகம் காரின் ஆயுள் முழுக்க உழைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது என்று டெஸ்லா வாதிட்டுப் பார்த்தது. பின்பக்க கேமரா பாதுகாப்பு விதிக்குள் வருகிறது என்றபோது அந்த வாதம் எடுபடவில்லை. டிசைன் மேஜையில் அந்த ஒரு வகுத்தலைப் போட்டிருந்தால் விஷயம் அங்கேயே தெரிந்திருக்கும் என்பதுதான் இதில் வயிற்றெரிச்சல்.

'100 ஆண்டு' என்று யார் பார்த்தது?

ரிடென்ஷனுக்கு வருவோம். ஏடிமெகா328பி டேட்டாஷீட்டில் 25 டிகிரியில் 100 ஆண்டு, 85 டிகிரியில் 20 ஆண்டு என்று இருக்கிறது. மைக்ரோசிப்பின் 24எல்சி256 ஈஈப்ராமுக்கு 200 ஆண்டுக்கு மேல். ஃப்ளாஷ் மெமரியை டோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா உலகுக்குச் சொன்னது 1984-இல்தான். 200 ஆண்டு காத்திருந்து பார்த்தவர் யாரும் இல்லை.

செய்வது இதுதான். சிப்பில் தகவலை எழுதி 125 அல்லது 150 டிகிரி சூட்டில் அவனுக்குள் வைக்கிறார்கள். 1,000 மணி நேரம் என்பது வழக்கமான கணக்கு, கிட்டத்தட்ட 42 நாள். வெளியே எடுத்துப் படித்துப் பார்க்கிறார்கள். சூடு ஏற ஏறக் கசிவு வேகமாகும் என்பதால் 42 நாள் சூடு இத்தனை ஆண்டு சாதாரண வாழ்க்கைக்குச் சமம் என்று அர்ஹீனியஸ் சூத்திரத்தால் மாற்றிச் சொல்கிறார்கள். மாங்காயைப் பழுக்கவைக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சூத்திரத்துக்குள் ஒரு எண் இருக்கிறது: ஆக்டிவேஷன் எனர்ஜி. வெப்பத்துக்குக் கசிவு எவ்வளவு வேகமாக எதிர்வினை காட்டும் என்பதைச் சொல்லும் எண் அது. அலகு எலக்ட்ரான் வோல்ட். 125 டிகிரியில் 1,000 மணி நேரம் வைத்ததை 55 டிகிரி வாழ்க்கைக்கு மாற்றிப் பார்ப்போம். அந்த எண்ணை 1.1 என்று போட்டால் சுமார் 930 மடங்கு வேகம், 106 ஆண்டு. அதே சிப், அதே அவன், அதே 42 நாள்; எண்ணை மட்டும் 0.6 என்று போட்டால் சுமார் 42 மடங்குதான். ஐந்து ஆண்டுகூட முழுதாக வராது.

எந்த எண் சரி? கசிவுக்கு ஒரே காரணம் இல்லை. சுவரில் சிக்கிக்கொண்ட எலக்ட்ரான்கள் மெல்ல விடுபடுவதற்கு 1.1-ஐ ஒட்டிய எண் பொருந்தும். சுவரில் உள்ள தயாரிப்புக் குறை வழியே கசிவதற்கு அதைவிடக் குறைந்த எண். எழுதி எழுதித் தேய்ந்த சுவரின் பழுதுகள் வழியாக எலக்ட்ரான் தாவிப்போவது இன்னொரு வகை. அதற்கு வெப்பம் அவ்வளவாக வேகம் கூட்டாது, சில சமயம் சூடு பழுதைச் சரிசெய்தும் விடும். அவனில் வைத்தால் நல்லபிள்ளையாக வெளியே வரும், மேஜை மேல் வைத்தால் மெல்ல மறக்கும். அதனால்தான் சிப் துறையின் தரநிலைகளை எழுதும் ஜெடெக் அமைப்பு சூட்டுச் சோதனையோடு அறை வெப்பநிலை சோதனையையும் தனியாகக் கேட்கிறது.

எனவே, சப்ளையரிடம் 'எத்தனை ஆண்டு?' என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை. எந்த வெப்பநிலையில், எத்தனை முறை எழுதிய பிறகு, ஆக்டிவேஷன் எனர்ஜி எவ்வளவு என்று வைத்து, அந்த எண்ணை எப்படிக் கண்டுபிடித்து என்று கேட்க வேண்டும். இரண்டு மூன்று வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்து அந்த எண்ணை அளந்தவர் பதில் சொல்லுவார். நல்ல நிறுவனங்களிடம் கேட்டால் அந்த ரிப்போர்ட்டைக் கொடுக்கவும் செய்வார்கள். நாம் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

231 சிப், பூஜ்யம் ஃபெயில்

அந்த ரிப்போர்ட்டில் '3 லாட், லாட்டுக்கு 77 சிப், ஃபெயில் 0' என்ற வரி கண்ணில் படும். வாகனங்களுக்கான ஏஇசி-க்யூ100 தரநிலையிலும் இதே எண்ணிக்கைதான். பூஜ்யம் என்றதும் நூற்றுக்கு நூறு மார்க் என்று தோன்றும்.

கொஞ்சம் பொறுங்கள். 231 சிப்பில் ஒன்றுகூடப் பழுதாகவில்லை என்றால் நாம் சொல்லக்கூடியது, பழுது விகிதம் 100-க்கு 1-ஐ விடக் குறைவு என்று 90% நம்பிக்கையோடு மட்டும்தான். ஒரு லட்சம் மீட்டர் போடும் மின்வாரியத்துக்கு 100-க்கு 1 என்பது 1,000 வீடு. நிஜத்தில் தயாரிப்பாளர்களின் பழுது விகிதம் இதைவிடப் பல மடங்கு குறைவாக இருக்கும். ஆனால் அந்தத் தைரியம் 231 சிப்பில் இருந்து வரவில்லை. ஆண்டுக்கணக்கில் கோடிக்கணக்கில் விற்று, திரும்பி வந்ததை எண்ணிப் பார்த்ததில் இருந்து வருகிறது. புத்தம் புதிய சிப்புக்கு அந்த வரலாறு கிடையாது. மலிவாக ஒரு புது பிராண்ட் வந்தால் பர்ச்சேஸ் டீமோடு சண்டை போட இந்தக் காரணம் ஒன்றே போதும்.

எழுதித் தேய்த்த பிறகுதான் சுட வேண்டும்

ஆர்டுயினோ வைத்திருக்கும் பலர் வீட்டிலேயே ஒரு சோதனை செய்வதுண்டு. ஒரே இடத்தில் எழுது, படி, சரியா பார், மறுபடி எழுது. டேட்டாஷீட் சொன்ன 1 லட்சத்தையும் தாண்டி ஓடிக்கொண்டே இருக்கும். 'சும்மா பயமுறுத்துறாங்கப்பா' என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

அந்தச் சோதனை பார்ப்பது எழுதிய மறுநொடியே படிக்க வருகிறதா என்பதை மட்டும்தான். தேய்ந்த சுவருக்குள் தள்ளிய எலக்ட்ரான் மறுநொடி இருக்கத்தான் செய்யும். அடுத்த ஆண்டு இருக்குமா? தேய்மானம் முதலில் காட்டுவது எழுத முடியாமல் போவதை அல்ல, எழுதியது நிற்காமல் போவதை. அதனால்தான் ஜெடெக் முறையில் முதலில் சொன்ன எண்ணிக்கை வரை எழுதித் தேய்த்துவிட்டு, அதே சிப்பைப் பிறகு சூட்டில் வைக்கிறார்கள். புதுச் சிப்பைச் சூட்டில் வைத்து எடுத்த ரிடென்ஷன் எண் ஒருபோதும் எழுதப்படாத சாதனத்துக்குத்தான் பொருந்தும்.

தேய்க்கும் வேகத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. நிஜ வாழ்க்கையில் இரண்டு எழுத்துக்கு நடுவே நிமிடமோ மணியோ இடைவெளி இருக்கும். அந்த நேரத்தில் சுவர் கொஞ்சம் ஆறிக்கொள்ளும். லேபில் இடைவெளியே இல்லாமல் அடித்தால் நிஜத்தைவிடக் கடுமையான முடிவு வரும். அதனால் நடுநடுவே இடைவெளி விடவும் தரநிலை இடம் கொடுக்கிறது.

சின்ன நிறுவனத்தால் இதில் எவ்வளவு செய்ய முடியும்? 231 போர்டை அவனில் வைக்க முடியாது. ஆனால் 10 போர்டைப் பலிகொடுக்கலாம். உங்கள் சாதனத்தின் நிஜ ஆயுளில் வரும் எழுத்து எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்கு எழுதுங்கள். அடுத்தடுத்த பிட்கள் மாறி மாறி வரும் பேட்டர்ன் ஒன்று, அதன் தலைகீழ் ஒன்று என நிரப்புங்கள். போர்டில் உள்ள மற்ற பாகங்கள் தாங்கும் உச்ச வெப்பத்தில் ஆறு வாரம் வையுங்கள். படிக்கும்போது வோல்டேஜைச் சிப் அனுமதிக்கும் அடிமட்டத்துக்கு இறக்கி ஒரு தடவை, உச்சத்துக்கு ஏற்றி ஒரு தடவை படியுங்கள். விளிம்பில் நிற்கும் பிட் அங்கேதான் காட்டிக்கொடுக்கும். வாகனத்துக்கான சில மைக்ரோகண்ட்ரோலர்களில் இதற்கென்றே 'மார்ஜின் ரீட்' வசதி உண்டு. பிட் புரள்வதற்கு முன்னாலேயே மின்னூட்டம் குறைந்திருப்பதை அது காட்டிவிடும்.

கரண்டை வெட்டிப் பார்ப்பது

இனி வருவதுதான் நம் ஊருக்கு மிக முக்கியம். சொல்லப்போனால் களத்தில் இருந்து 'மெமரி கரப்ட்' என்று திரும்பி வரும் சாதனங்களில் நான் முதலில் சந்தேகப்படுவது தேய்மானத்தை அல்ல, பாதி எழுதும்போது போன கரண்டைத்தான்.

ஈஈப்ராம் ஒரு முறை எழுத எடுக்கும் நேரம் 5 மில்லி நொடி வரை. அதற்குள் மின்சாரம் போனால் பழைய எண்ணும் இல்லை, புது எண்ணும் இல்லை, நடுவில் ஏதோ ஒன்று இருக்கும். அதைத் தாண்ட ஒரு கப்பாசிட்டர் வேண்டும். கணக்கு சுலபம். எழுதும்போது 5 மில்லி ஆம்பியர் இழுக்கிறது, 10 மில்லி நொடி தாங்க வேண்டும், வோல்டேஜ் 1 வோல்ட் வரை இறங்கலாம் என்றால் 50 மைக்ரோஃபாரட். மற்ற எல்லா வேலையையும் அணைத்துவிட்டால்தான் இந்த எண். எலக்ட்ரோலைட்டிக் கப்பாசிட்டர் வெயில் படும் பெட்டிக்குள் ஆண்டுக்காண்டு வற்றும். அதனால் கடைசி ஆண்டில் அதில் என்ன மிஞ்சும் என்று பார்த்து அளவைத் தேர்வு செய்ய வேண்டும்.

இன்னொரு விஷயம். நம் ஊரில் கரண்ட் ஒரேயடியாகப் போவது அபூர்வம். போகும், வரும், மினுக்கும், போகும். முதல் வெட்டில் தீர்ந்த கப்பாசிட்டர் நிரம்புவதற்குள் இரண்டாவது வெட்டு விழுந்துவிடும். ஸ்விட்சை ஒரு முறை அணைத்து 'ஓகே' போட்ட டிசைன் இங்கேதான் மாட்டும். சோதனையில் இரட்டை வெட்டு கட்டாயம் இருக்க வேண்டும்: 50, 100, 200 மில்லி நொடி இடைவெளிகளில்.

அதோடு, வோல்டேஜ் சரேலென்று விழாமல் மெல்ல இறங்கும்போது மைக்ரோகண்ட்ரோலர் அரைமயக்கத்தில் தப்பான இடத்தில் எழுதிவிடும் ஆபத்தும் இருக்கிறது. பிரவுன்-அவுட் ரீசெட் என்ற காவலை ஆன் செய்து வைத்தால் வோல்டேஜ் ஒரு அளவுக்குக் கீழே போனதும் சிப் உறைந்து நின்றுவிடும். ஆன் செய்ய மறந்தால்? பழைய கைகள் சிலர் ஈஈப்ராமின் 0-ஆம் முகவரியில் முக்கியமான எதையும் வைக்க மாட்டார்கள். மயக்கத்தில் சிப் கைவைக்கும் முதல் இடம் அதுதான் என்ற அனுபவம்.

சாஃப்ட்வேர் பக்கத்துத் தற்காப்பு எளிது. ஒரே எண்ணை இரண்டு இடங்களில் வைத்து, ஒவ்வொன்றோடும் வரிசை எண்ணையும் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண்ணையும் சேர்த்து, எப்போதும் பழைய பிரதியின் மேல்தான் எழுத வேண்டும். எழுதும்போது கரண்ட் போனால் கெடுவது பழையது மட்டும். புதியது பத்திரமாக இருக்கும். கரண்ட் வந்ததும் சிஆர்சி சரியாக உள்ளவற்றில் வரிசை எண் பெரியதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இது நிஜமாகவே வேலை செய்கிறதா என்று ஒரே இரவில் பார்த்துவிடலாம். ஒரு மின்னணு ஸ்விட்ச், அதை இயக்க இன்னொரு மைக்ரோகண்ட்ரோலர். எழுதத் தொடங்கிய நொடியில் இருந்து 50 மைக்ரோ நொடி கழித்து வெட்டு, அடுத்து 100, அடுத்து 150. 5 மில்லி நொடி முழுக்க 100 புள்ளி. ஒவ்வொரு புள்ளியிலும் 100 முறை. மொத்தம் 10,000 வெட்டு. வெட்டுக்கு 5 நொடி என்றால் 14 மணி நேரம். சாயங்காலம் 6 மணிக்கு ஓடவிட்டால் மறுநாள் காலை 8 மணிக்கு முடிவு. ஒரே ஒரு தப்பு வந்தாலும் அது எந்தப் புள்ளியில் வந்தது என்று தெரிந்துவிடும். இவ்வளவு மலிவான சோதனையை விட்டுவிட்டு ஷிப்பிங் செய்யும் டீம்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பது எனக்கு ஆச்சரியம்தான்.

சிப் மேல் பழி போடுவதற்கு முன்

2004 ஜனவரி 21-இல் செவ்வாயில் இருந்த நாசாவின் ஸ்பிரிட் ஊர்தி திடீரென்று பேச்சை நிறுத்தியது. 60 முறைக்கு மேல் தானாகவே ரீபூட் ஆகிக்கொண்டிருந்தது. ஃப்ளாஷ் மெமரியை ஒதுக்கிவிட்டு பூட் செய்தபோது தெளிந்தது. கடைசியில் ஃப்ளாஷ் சிப் நல்லாத்தான் இருந்தது. அதில் சேர்ந்துபோன கோப்புகளின் பட்டியலைத் தூக்கிவைக்க ராமில் இடம் பத்தவில்லை. மெமரி பழுது என்று தெரிவதெல்லாம் மெமரியின் பழுது இல்லை.

போர்டிலும் அப்படித்தான். விரிசல் விட்ட சால்டர், பலவீனமான புல்-அப் ரெசிஸ்டர், பக்கத்தில் ரிலே அடிக்கும்போது வரும் இரைச்சல், இவை எல்லாமே படிக்கும் தகவலைக் கெடுக்கும். வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி, அதே முகவரியைத் திரும்பத் திரும்பப் படிப்பது. ஒவ்வொரு முறையும் ஒரே தப்பு வந்தால் சந்தேகம் உள்ளே சேமித்த தகவல் மேல். முறைக்கு முறை மாறினால் முதலில் வயரிங்கைப் பாருங்கள்.

போர்டில் சிப்பை ஒட்டும்போது ரீஃப்ளோ அடுப்பின் உச்சம் 245 முதல் 260 டிகிரி வரை போகும். சில நொடிகள்தான், ஆனால் மேலே சொன்ன சூட்டுக் கணக்கை ஞாபகம் வையுங்கள். நாண்ட் ஃப்ளாஷில் முன்கூட்டியே தகவல் ஏற்றி ஒட்டினால் ஒட்டிய பிறகு ஒரு தடவை முழுக்கச் சரிபார்ப்பது நல்லது.

மற்றபடி, அவசரத்துக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலோ ஒரு கைப்பிடி சிப் வாங்காத எம்பெடட் ஆளே இருக்க முடியாது. புரோட்டோடைப்புக்குச் சரி. ஆயுள் சோதனைக்கு லாட் நம்பர் தெரியாத சிப்பை எடுக்காதீர்கள், எங்கே வாங்கியதாக இருந்தாலும். பழைய போர்டில் இருந்து கழற்றி மெருகேற்றிய சிப்பாக இருந்தால் அதன் 10 லட்சத்தில் எத்தனை லட்சம் ஏற்கெனவே போயிருக்கும் என்று எந்த எழுத்தும் சொல்லாது.

வேறு மெமரிக்குப் போனால் தப்பிக்கலாமா?

ஓரளவு. எஃப்ராம் என்ற வகையில் எலக்ட்ரானைச் சுவர் தாண்டித் தள்ளும் வேலை இல்லை. எழுதும் வரம்பு லட்சம் கோடிகளில் இருக்கும், 5 மில்லி நொடி காத்திருப்பும் கிடையாது. மின்சார மீட்டர்களில் அது பயன்படுவதற்குக் காரணம் இதுதான். விலை அதிகம், கொள்ளளவு குறைவு, படிப்பதும் ஒரு சுற்றாகக் கணக்காகும், ரீஃப்ளோவுக்கு முன் எழுதியது நிற்கும் என்று உத்தரவாதம் இல்லை. காந்தத்தால் இயங்கும் எம்ராம் இன்னொரு வழி. ஆனால் மீட்டரை ஏமாற்றக் காந்தம் வைத்துப் பார்க்கும் ஊரில் அதற்குக் கவசம் சரியாக இருக்கிறதா என்று இன்னொரு சோதனை சேரும்.

எங்கே சோதிக்கலாம்?

சிப் அளவிலான சோதனை தயாரிப்பாளர் வேலை. இந்தியாவில் சிப்பைப் பேக் செய்து டெஸ்ட் செய்யும் வேலைக்குச் சென்னை அருகே மறைமலை நகரில் ஸ்பெல் நிறுவனம் 1980-களிலேயே வந்துவிட்டது. மெமரியிலேயே அந்த வேலையைச் செய்யும் ஆலையைக் குஜராத்தின் சாணந்தில் அமைப்பதாக மைக்ரான் 2023 ஜூனில் அறிவித்தது. சாதன அளவில், மீட்டர் என்றால் பெங்களூருவில் உள்ள மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. மற்ற எலக்ட்ரானிக்ஸுக்கு மத்திய அரசின் எஸ்டிக்யூசி ஆய்வகங்கள் சென்னையிலும் பெங்களூருவிலும் உள்ளன. வெப்பம், ஈரப்பதம், அதிர்வு சோதனைக்கான அறைகள் அங்கே கட்டணத்துக்குக் கிடைக்கும்.

நேரம்தான் வாடகையைவிடக் கறாரானது. 1,000 மணி நேரத்தைச் சுருக்க முடியாது. அதற்கு முன்னால் எழுதித் தேய்க்க நாள் வேண்டும். 5 மில்லி நொடிக்கு ஒரு எழுத்து என்று விடாமல் அடித்தாலும் 10 லட்சத்துக்கு ஒன்றரை மணி நேரம், இடைவெளி விட்டால் ஒரு வாரம் ஆகும். தீபாவளிக்குச் சாதனம் கடைக்கு வர வேண்டும் என்றால், அந்த 10 போர்டும் ஆடி முடிவதற்குள் அவனுக்குள் போயிருக்க வேண்டும்.